கல்லும் கவளமும்

மனிதன் தன்னோடு அணைத்துக்கொண்ட விலங்குகளுள் காலத்தால் முந்தியது நாய். ஜேர்மனியின் பொன் நகருக்கு அண்மையில், ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியொன்றில் மனித எலும்புகளோடு நாயின் எலும்புகளும் கிடைத்துள்ளன. இத்துணை நீண்ட உறவிலே, நாய்க்கு ஒன்றைக் கற்பிப்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு மனிதன் கண்ட விடைகளை இரண்டாக வகுக்கலாம். ஒன்று கல்; மற்றையது கவளம். கவளம் கல்லின் இடத்தைப் பெற்ற வரலாறு நாயைப் பற்றியது மட்டுமன்று. கற்பித்தல் பற்றிய மனிதனின் எண்ணம் மாறிய வரலாறும் அதுவேயாகும்.

நம் மரபிலே நாய் நன்றிக்கு உவமையாயிற்று. பாகனையே கொல்லும் யானையினும், தன் உடலிற் பாய்ந்த வேலோடும் எசமானைக் கண்டு வாலாட்டும் நாயின் நட்பே மேலென்பது நாலடியார் கருத்து. இங்கு நாய் போற்றப்படுகின்றது. ஆயினும் வேல் எறிந்த கை வினவப்படவில்லை என்பது நோக்கற்பாலது. 'அடியாத மாடு படியாது' என்றதும் இதே மரபுதான். உணவிட்டால் நன்றி பிறக்கும் என அறிந்திருந்த நாம், உணவைக் கொண்டு கற்பிக்கலாம் என்பதை அத்துணை ஆழமாக எண்ணிப் பார்த்தோமல்லோம்.

மேலைநாட்டிலும் நிலைமை பெரிதும் வேறன்று. ஹச்சின்சன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி வேட்டைநாய்களைப் பழக்குவது குறித்து 1848இல் வெளியிட்ட நூலின் பெயரிலே 'முறித்தல்' என்னும் பொருள்படும் சொல்லே நின்றது. பழக்குதல் என்பதற்கு அன்று ஆங்கிலத்தில் வழங்கிய சொல் அதுவே. 1880களில் அமெரிக்க எழுத்தாளர் ஹமண்ட் என்பார் இதனை மறுத்து, சரியாகச் செய்த நாய்க்கு இறைச்சித் துண்டும் பாராட்டும் அளித்தலே முறையென எழுதினார். ஆயினும், 1910இல் ஜேர்மனியப் பொலிஸ் அதிகாரி கொன்றாட் மோஸ்ற் வெளியிட்ட பயிற்சி நூலில் வெகுமதியோடு வற்புறுத்தலும் தண்டனையும் பேரிடம் பெற்றன. போர்க்காலப் பயிற்சியில் அந்நெறி நெடிது நிலைத்தது.

இதற்கிடையில் ஆய்வுகூடங்களில் வேறொரு கதை தொடங்கியிருந்தது. சமிபாடு பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய அறிஞர் பவ்லோவ், உணவுக்கு முன் வரும் ஒலியைக் கேட்ட மாத்திரத்தே நாயின் வாயில் உமிழ்நீர் சுரப்பதைக் கண்டார். நாய் பழக்கலின் தந்தை இவரே எனப் பலர் கருதுவர். அஃது முற்றும் பொருந்தாது. பவ்லோவின் நாய் உணவு பெறுவதற்காக எதனையும் செய்யவேண்டியிருக்கவில்லை. செயலுக்கும் விளைவுக்குமுள்ள தொடர்பை ஆராய்ந்தவர் அமெரிக்கரான தோண்டைக். அடைத்த பெட்டியிலிருந்து வெளிவந்தால் உணவு கிட்டும் என்ற நிலையில் பூனைகளையும் நாய்களையும் வைத்து அவர் செய்த ஆய்வு 1898இல் வெளிவந்தது. இன்பம் பயக்கும் செயல் மீண்டும் நிகழும் என்பது அவர் கண்ட விதி.

அவ்வழி வந்த ஸ்கின்னர், 1951இல் பொதுவாசகர்க்கென எழுதிய கட்டுரையொன்றில் நாயைப் பழக்கும் முறையை எளிமையாக விளக்கினார். சிறுவர் விளையாடும் 'டிக்' என ஒலிக்கும் தகரப் பொம்மையும் சிறு உணவுத் துண்டுகளும் போதும் என்றார். விரும்பிய செயல் நிகழும் கணத்திலேயே ஒலி எழவேண்டும். அதனை உடனடுத்து உணவு வரவேண்டும். இதனையே உளவியலார் மீளவலியுறுத்தல் என்பர். ஸ்கின்னரின் மாணவரான பிறீலண்ட் தம்பதியர் 1940களிலேயே இதனைத் தொழிலாகச் செய்து காட்டியிருந்தனர். கடலோங்கில்களைப் பழக்கிய கரன் பிறையர் 1984இல் எழுதிய நூல் இம்முறையைச் சாதாரண வீடுகளுக்குள்ளும் கொண்டுசென்றது.

'இது கைக்கூலியன்றோ?' என்று கேட்பாருளர். உணவை முன்னே காட்டி அழைப்பது கைக்கூலி. செயல் முடிந்தபின் கொடுப்பது ஊதியம். செயல் பழகியபின் ஒவ்வொரு முறையும் உணவு தரவேண்டியதுமில்லை. அடி 'இது தவறு' என்று மட்டுமே சொல்லும். கவளமோ 'இதுவே சரி' என்று சொல்லும்.

இனி நம் நகருக்கு வருவோம். இலங்கையில் விசர்நாய்க்கடி நோய்ச் சட்டம் 1893இலும் நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1901இலும் இயற்றப்பட்டன. கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதே நெடுங்காலம் வழக்காயிருந்தது. 1973இல் மாத்திரம் இந்நோயால் 377 மனிதர் மாண்டனர். பிற்காலத்தில் அத்தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பது வரை இறங்கியமைக்கு நாய்களுக்கு இட்ட தடுப்பூசியும் கடியுண்டோர்க்கு அளித்த சிகிச்சையுமே முதன்மைக் காரணங்கள். 2006இல் கொல்லும் வழக்கம் அரசினால் நிறுத்தப்பட்டது. அதன்பின் தடுப்பூசியின் பொறுப்பு மேலும் பெருகியது. ஆனால் தடுப்பூசி இடுவதற்கு நாய் கைக்கெட்ட வேண்டுமே!

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஒழுங்கைகளில் வாழும் நாய்களுக்குப் பல வீடுகளில் சோறுண்டு; உரிமையாளர் எவருமிலர். எமது ஒழுங்கையில் அத்தகைய நாயொன்று இருந்தது. சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதற்கு யாரேனும் குனிந்தாலே அது ஓடிவிடும். குனிதல் என்பது கல்லெடுத்தல் என அதற்கு நன்கு கற்பிக்கப்பட்டிருந்தது. 'கல்லைக் கண்டால் நாயைக் காணோம்' என்ற பழமொழியின் மறுபக்கம் இதுவே. ஓரடி நெருங்கி வந்தபோதெல்லாம் ஒரு துண்டு மீன் என்ற முறையில், மாலைதோறும் பழக்கினோம். மூன்றாம் வாரத்தில் பெயர் சொல்லி அழைத்தால் வந்து அமரலாயிற்று. தடுப்பூசியிட வந்தோர் அதன்மீது வலை வீச நேரவில்லை.

அந்நாய்க்கு நாம் புதிதாகக் கற்பித்தது சிறிதே. முன்னர் கல்லால் கற்பித்ததை மறக்கச் செய்வதற்கே மூன்று வாரமும் சென்றது. பிரம்போடு வகுப்பறை புகுவோரும் இக்கணக்கைச் சிந்தித்தல் நன்று.