இருப்புப்பாதையும் கானக நடையும்

மட்டக்களப்பு மக்கள் காட்டினை அறியாதவர் அல்லர். தேன், விறகு, வேட்டை, மேய்ச்சல் ஆகியன கருதி அவர்கள் காடேகினர். பாலைப்பழக் காலத்தில் குடும்பமாகவும் சென்றனர். ஆயினும், பயனொன்றும் கருதாது நடத்தற்பொருட்டே காட்டினுட் புகும் வழக்கம் பிற்பட்டதாகும். 1928இல் மட்டக்களப்பை வந்தடைந்த புகையிரதமே அதற்கு வாய்ப்பளித்தது எனலாம்.

பிறநாட்டு வரலாறொன்றும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. பாரிசுக்குத் தெற்கேயுள்ள பொந்தென்புளோக் காட்டில் தெனெக்கூர் என்பார் 1840களில் நடைவழிகளை வகுத்து நீலக்குறியிட்டார். 1849இல் புகையிரதம் அங்கு சென்றபின் நகரமக்கள் அவ்வழிகளிற் பெருகினர். அங்கே வழி முந்தியது, வண்டி பிந்தியது. எம்மிடத்தோ வண்டி வந்தது. வழிக்குக் குறியிடுவார் தோன்றிலர்.

அதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஏறாவூர், வாழைச்சேனை ஆகியவற்றைக் கடந்து செல்லும் இருப்புப்பாதையில் காடு செறிந்த பகுதி புனானையை அடுத்ததாகும். பாதை திறக்கப்படுவதற்கு முன்னைய ஆண்டுகளில் அவ்விடத்தே சிறுத்தையொன்று பன்னிரண்டு பேருக்குக் குறையாமற் கொன்றது. 1924இல் கப்டன் செல்ரன் ஏகர் அதனைச் சுட்டு வீழ்த்தினார். பாடஞ்செய்யப்பட்ட அச்சிறுத்தை கொழும்பு நூதனசாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. (சுட்டவர் பெயர் நிலைத்துவிட்டது, மாண்ட வழிப்போக்கரின் பெயர்களைக் கூறவல்லார் எவருளர்?) இவ்வாறு அச்சத்தாற் பெயர்பெற்ற புனானை, நான்காண்டுகளின் பின் புகையிரத நிலையமொன்றின் பெயராயிற்று. எனினும் உல்லாச நடையை விரும்பியோர் கல்குடா நிலையத்தில் இறங்கிக் கடற்கரை நோக்கி நடப்பதையே பெரிதும் விரும்பினர்.

பின்னர் வந்த போர் சிறுத்தையினும் கொடியதாயிற்று. 1990களில் மட்டக்களப்புக்கான சேவை தடைப்பட்டது. காட்டுவழிகளில் மிதிவெடி அச்சம் குடிகொண்டது. 2003இல் வண்டி மீண்டது. போர் 2009இல் முடிவுற்றது. ஆனால் நடை அத்துணை விரைவில் மீளவில்லை. காட்டைப் புகையிரதச் சாளரத்தினூடாக மட்டுமே கண்ட தலைமுறையொன்று எம்மிடையே வளர்ந்துவிட்டது.

வழி மறைதல் வழியின் பெயரும் மறைதலாகும். பட்டிக்காரரும் தேனெடுப்போரும் ஒவ்வொரு மடுவுக்கும் மேட்டுக்கும் பெயரிட்டு வழங்கினர். அப்பெயர்களுட் பல எவ்வரைபடத்திலும் இடம்பெற்றில. 1981இல் வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த இந்நிறுவனத்தின் மாணவர்க்கு இஃது அருகிலுள்ள ஆய்வுக்களமாகும். முதியோருடன் நடந்து, அவர் சுட்டும் இடங்களை அவ்விடத்திலேயே நின்று குறித்துக்கொள்ளுதல் வேண்டும். யானைகளின் வழக்கமான தடங்களை அறிந்த வழிகாட்டியின்றிப் புனானைக்கு அப்பாற் செல்லுதல் தகாது; மாலைக்கு முன் நிலையத்துக்குத் திரும்பிவிடுதலும் அவசியம்.