முடிவுறாப் பயிற்சி: கூலி என்ற சொல்லின் ஒரு சிறு வரலாறு

என் அக்கா மகனுக்கு 33 வயதாகிறது. 12 வருஷமாக ஒரு மையத்திற்குப் போய்வருகிறான். காகித உறை ஒட்டுகிறான். மழைக்காலத்தில் உறை காயாது என்பதால் மெழுகுவர்த்தி. உறைகள் மருந்துக் கடைகளுக்கு விற்கப்படுகின்றன. மாசம் ஒரு தடவை அவன் கையிலும் ஒரு உறை வரும், ‘ஊக்கத்தொகை’ என்று எழுதி. அதில் இருக்கும் பணம் அவன் பஸ் செலவுக்குக்கூடக் காணாது. பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘தொழில்முன் பயிற்சி பெறுபவர்’ என்றிருக்கிறது. போன தீபாவளிக்கு என்னிடம் கேட்டான்: “மாமா, ட்ரெய்னிங் எப்ப முடியும்?” எனக்குப் பதில் தெரியவில்லை. மையத்தில் கேட்டேன். “இன்னும் ரெடி ஆகல சார்” என்றார்கள்.

இந்த ‘ரெடி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் இதை எழுத நேர்ந்தது.

மூளை வளர்ச்சி குன்றியவர்களைப் பயிற்றுவிக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு வயது இருநூறுதான். 1837இல் பாரிஸில் எத்துவார் செகேன் ஒரு சிறுவனை வைத்துக்கொண்டு அதைத் தொடங்கினார். கையை, கண்ணை, காதைப் பழக்கினால் அறிவு பின்னாலேயே வரும் என்பது அவர் கணக்கு. 1848இல் பாஸ்டனில் சாமுவேல் கிரிட்லி ஹோவ் அரசுப் பணத்தில் ஒரு பள்ளி திறந்தார். பள்ளி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வருவார்கள், கற்பார்கள், வீடு திரும்புவார்கள் என்பதுதான் வாக்குறுதி. சில பத்தாண்டுகளுக்குள் அந்தப் பள்ளிகள் ஆயிரக்கணக்கானோரை அடைத்துவைக்கும் விடுதிகளாகிப் போயின. மாடு கறக்க, துணி வெளுக்க, சமைக்க, படுக்கையோடு கிடப்பவர்களைக் கழுவிவிட ஆள் வேண்டியிருந்தது. நன்றாகக் கற்றுக்கொண்டவன்தான் இதற்கெல்லாம் உதவினான். ஆகவே வெளியே போகத் தகுதி பெற்றவனையே வெளியே விட மனம் வரவில்லை. அவன் உழைப்பின் பெயர் மட்டும் கடைசிவரை ‘பயிற்சி’ என்றே இருந்தது.

இங்கே ஃபூக்கோவை இழுக்காமல் நம் பத்திரிகைகளில் நகர முடியாது. 1656இல் பாரிஸ் பொது மருத்துவமனை தொடங்கிப் பைத்தியமும் வறுமையும் ‘சோம்பல்’ என்ற ஒரே குற்றத்தின் கீழ் அடைக்கப்பட்டதை அவர் காட்டினார். சரிதான். ஆனால் நான் பேசும் மனிதர்கள் சோம்பியிருந்தவர்கள் அல்லர். காலையிலிருந்து ராத்திரிவரை உழைத்தவர்கள். வேலை அவர்களுக்கு ஒருபோதும் மறுக்கப்படவில்லை. வேலை என்ற பெயரும் கூலி என்ற பெயரும்தான் மறுக்கப்பட்டன. விலக்கலைப் பற்றியே யோசித்துப் பழகிய கோட்பாட்டுக்கு இந்த விதமான சேர்த்துக்கொள்ளல் கண்ணில் படுவதில்லை.

மறுப்பு சட்டமாக எழுதப்பட்டது 1938இல். அமெரிக்கா குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கொண்டுவந்த அதே ஏட்டில், 14ஆம் பிரிவு ஊனமுற்றோருக்கு அதைவிடக் குறைத்துக் கொடுக்க அனுமதித்தது. பின்னாளில் இதற்கு வகுக்கப்பட்ட கணக்கு வேடிக்கையானது. ஊனமில்லாத ஒருவர் அந்த வேலையை எவ்வளவு நேரத்தில் செய்கிறார் என்று கடிகாரம் வைத்து அளப்பார்கள். இவன் அதில் நாற்பது சதவிகிதம் செய்தால் நாற்பது சதவிகிதக் கூலி. கேட்க நியாயம்போல இருக்கும். ஆனால் குறைந்தபட்சக் கூலி என்பதே வேகத்தைக் கேட்காத ஒரு தரைமட்டம். நான் 28 வருஷம் உத்தியோகம் பார்த்த அலுவலகத்தில் எவனும் என் பின்னால் கடிகாரம் வைத்துக்கொண்டு நிற்கவில்லை. நின்றிருந்தால் பென்ஷனே வந்திருக்காது.

1973இல் ஒரு வழக்கு வந்தது. விடுதிகளில் உழைக்கும் நோயாளிகளும் தொழிலாளர்களே, கூலிச் சட்டம் அவர்களுக்கும் உண்டு என்று வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல விடுதிகள் கூலி கொடுப்பதற்குப் பதிலாக வேலையையே நிறுத்திவிட்டன. அதற்கப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மார்க் கோல்ட் வருவது இந்த இடத்தில்தான். லாஸ் ஏஞ்சலிஸில் சிறப்புப் பள்ளி ஆசிரியராக இருந்து இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். காப்புப் பட்டறைகளில், அதாவது நம் மையங்களைப் போன்ற இடங்களில், இருந்த 64 பேரை எடுத்துக்கொண்டார். மிதமான அல்லது கடுமையான குறைபாடு என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கொடுத்தார். பிரேக்கைப் பிரித்துப் பூட்டத் தெரியாத எம்.ஏ.க்கள் நம்மில் நிறையப் பேர், நானும் ஒருவன். அவர் செய்தது இவ்வளவுதான்: வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்தார். சிலருக்கு, பாகத்தின் எந்தப் பக்கம் மேலே வர வேண்டுமோ அந்தப் பக்கத்தில் வண்ணம் பூசினார். வாயால் விளக்குவதைக் கூடியமட்டும் குறைத்தார். தப்பாகப் பூட்டினால், வேறு விதமாகச் செய்து பார் என்பார். ஏறக்குறைய எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். 1972இல் ஆய்வு வெளிவந்தது. ஒருவன் கற்கவில்லை என்றால் நமக்குக் கற்பிக்கத் தெரியவில்லை என்றே பொருள் என்பது அவர் எடுத்த முடிவு. ‘இயலாமை’ என்பது உடலுக்குள் இருக்கும் ஒரு பொருள் என்ற கதையாடலை அவர் கோட்பாட்டால் உடைக்கவில்லை. ஒரு பிரேக்கால் உடைத்தார். 1982இல் இளவயதிலேயே இறந்துபோனார்.

இதைப் பிடித்துக்கொண்டுதான் ஓரிகானில் பெல்லமியும் வர்ஜீனியாவில் பால் வேமனும் வரிசையையே மாற்றினார்கள். பயிற்றுவித்து முடித்தபின் வேலை என்பதை விட்டு, முதலில் வேலை, அந்த இடத்திலேயே பயிற்சி. துணைக்கு ஒருவர் போவார். முதலில் அந்த வேலையைத் தானே செய்து கற்பார், பிறகு பக்கத்தில் நின்று காட்டுவார், நாளாக நாளாகத் தள்ளி நிற்பார், ஒருநாள் வரமாட்டார். சம்பளம் முதல் நாளிலிருந்து. 1986இல் அமெரிக்க மறுவாழ்வுச் சட்டத் திருத்தம் இதை ‘ஆதரவுடன் கூடிய வேலை’ என்று ஏற்றுக்கொண்டது. அதே 1986இல் இன்னொரு திருத்தம், 14ஆம் பிரிவில் மிச்சமிருந்த கீழ்வரம்பையும் நீக்கி, எவ்வளவு குறைத்து வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றாக்கியது. ஒரே அவை, ஒரே வருஷம். இரண்டு கதவும் சேர்ந்தே திறந்திருந்தன.

முதல் கதவு வழியே 1996இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவில், மருந்துப் பொருள்களை அடுக்கி நிரப்பும் வேலைக்கு இந்த இளைஞர்கள் போனார்கள். இரண்டாவது கதவு வழியே போனவர்கள் அயோவாவின் அட்டலிஸாவில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் தங்கி, பல பத்தாண்டுகள் வான்கோழி அறுக்கும் ஆலையில் உழைத்தார்கள். மாதம் 65 டாலர். 2009இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 2013இல் ஜூரிகள் 32 பேருக்கு 24 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்கள். சட்ட உச்சவரம்பு அதை 16 லட்சமாக வெட்டியது. 14ஆம் பிரிவைப் படிப்படியாக ஒழிக்க அமெரிக்கத் தொழிலாளர் துறை 2024 டிசம்பரில் முன்வைத்த விதி, 2025 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது.

நமக்கு வருவோம். அந்தக் காலத்துல கிராமத்தில் இவர்களுக்கு இடமிருந்தது, காலனியம்தான் கெடுத்தது என்று ஒரு வாதம் நண்பர்களிடையே உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. எங்கள் ஊரில் ‘மந்தம்’ என்று பேர்பெற்ற ஒருவர் ஆடு மேய்த்தார், தண்ணீர் இறைத்தார், பிணம் விழுந்த வீட்டில் விறகு சுமந்தார். கிடைத்தது சோறு. பண்ணையாளுக்குக் கிடைத்ததைவிடவும் கம்மி. இடம் இருந்தது, வாஸ்தவம், கூலி இல்லை.

சட்டம் இதைத் தொடவில்லை. 1948ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஊனமுற்ற ஊழியர்களின் கூலிக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அரசு ஆணையிடலாம் என்றது. 1995 ஊனமுற்றோர் சட்டம் இன்னும் நுட்பமானது. ஊனங்களின் பட்டியலில் மனவளர்ச்சிக் குன்றலைச் சேர்த்துக்கொண்டு, அரசு வேலையில் 3 சதவிகித ஒதுக்கீட்டைப் பங்குபோடும்போது பார்வை, செவி, கை கால் என்று மூன்றோடு நிறுத்திவிட்டது. ஊனமுற்றவன்தான், ஆனால் வேலைக்காரன் ஆக மாட்டான். 21 வருஷம் கழித்து 2016 சட்டம் 4 சதவிகிதமாக்கி, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டது. எழுத்துத் தேர்வு வைத்து ஆளெடுத்தால் அந்தக் கூடையிலிருந்து யார் மேலே வருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

என் அக்கா மகனுக்கு 1948 சட்டத்தின் 26ஆம் பிரிவுகூடத் தேவைப்படவில்லை. அவன் ஊழியனே அல்லன், பயிற்சி பெறுபவன். மையத்தை நடத்துகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பகல் முழுக்க அவனைப் பார்த்துக்கொள்கிறார்கள். அதனால்தான் அக்கா இத்தனை வருஷமும் தையல் வேலைக்குப் போக முடிந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் 12 வருஷம் ஒட்டிய உறைகளை யாரோ காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அது சந்தையில் சரக்கு, பட்டறையில் பயிற்சி. இந்த இரண்டு பெயருக்கும் நடுவில்தான் அவனுடைய கூலி காணாமல்போகிறது.

போன மாதம் தெரிந்த மளிகை மொத்தக் கடைக்காரரிடம் பேசினேன். அரைக் கிலோ பருப்புப் பாக்கெட் போடும் வேலை. நிறுத்து, கொட்டி, வாயை ஒட்டி, அடுக்க வேண்டும். நான் முதலில் இரண்டு நாள் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன், அப்புறம் மூன்று வாரம் அவன்கூட நிற்கிறேன், மற்றவர்களுக்குக் கொடுக்கிற சம்பளத்தை அவனுக்கும் கொடுங்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டு, “தம்பி ட்ரெய்னிங் எல்லாம் முடிச்சிட்டாப்லயா?” என்றார். முடிக்கவில்லை, இங்கேதான் தொடங்கப்போகிறான் என்றேன். “சரி, ஆடி கழியட்டும், கூட்டிட்டு வாங்க” என்றிருக்கிறார்.