எண்ணெய் முந்தியா, குளியல் முந்தியா? ஒரு வரலாற்றுப் பார்வை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

தலைக்கு எண்ணெய் வைத்த பின் குளிப்பதா, குளித்த பின் எண்ணெய் வைப்பதா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் மதரஸாவுக்கு வரும் பெண்பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மார்களும் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. எண்ணெய் தேய்த்து ஊறிய பிறகே தலை முழுக வேண்டும் என்கிறார் தாய். முதலில் ஷாம்பு, அடுத்து கண்டிஷனர், தலையைத் துவட்டியதும் சீரம், இறுதியில் எண்ணெய் என்கிறாள் மகள்.

இவ்வளவோடு நின்றால் இதை வீட்டு விவகாரம் என்று விட்டுவிடலாம். ஆனால் இதனோடு இரண்டு கூற்றுகள் சேர்ந்து உலவுகின்றன. எண்ணெய்க் குளியல் மாற்றுச் சமயத்தாரின் வழக்கம், அதை முஸ்லிம்கள் கைவிட வேண்டும் என்பது ஒன்று. எண்ணெய் பூசிய தலையில் உளூவும் கடமையான குளிப்பும் கூடாது, தொழுதவற்றைத் திரும்பத் தொழ வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கூற்று முன்னோரின் நல்ல பழக்கம் ஒன்றைக் குற்றமாக்குகிறது. இரண்டாவது கூற்றோ நல்ல உள்ளங்களில் தீராத ஊசலாட்டத்தை விதைக்கிறது. எனவே இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று ஆராய்வோம்.

தமிழகத்தின் வரிசை

எண்ணெய் என்னும் சொல்லே எள், நெய் என்னும் இரு சொற்களின் சேர்க்கை. எள்ளிலிருந்து எடுத்த நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, உச்சந்தலையில் வைத்துத் தேய்த்து, சிறிது நேரம் ஊறவிட்டு, சீயக்காயோ அரப்போ இட்டு அலசுவது இம்மண்ணின் முறை. எனவே இங்கே எண்ணெய் முந்தியது, நீர் பிந்தியது. ஔவையாரின் ஆத்திசூடியில் சனிக்கிழமை நீராட்டைப் பற்றிய அறிவுரை இடம்பெற்றிருப்பது இவ்வழக்கத்தின் பழமைக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. சித்த மருத்துவமும் இதை உடற்சூட்டைத் தணிக்கும் நலப் பழக்கமாகவே கூறுகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தீபாவளி அதிகாலையில் நம் இந்து அண்டை வீட்டார் எண்ணெய் நீராடுவது அவர்களுடைய பண்டிகைச் சடங்கு. அதில் பங்கேற்பது நமக்குரியதன்று. ஆனால் வாரந்தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது சடங்கன்று. வெப்பமும் வியர்வையும் மிகுந்த நாட்டில் மக்கள் கண்டறிந்த உடல் பேணும் முறை. மார்க்கத்திற்கு முரண்படாத ஊர் வழக்கத்தை ஷரீஅத் தடுப்பதில்லை என்பது ஃபிக்ஹ் கலையின் அறியப்பட்ட விதி.

மதீனாவின் வரிசை

நபி (ஸல்) அவர்களின் காலத்து அரபு நாட்டில் தலை அலச இலந்தை இலைத் தூளும் கித்மீ என்னும் செடியும் பயன்பட்டன. நம் சீயக்காயைப் போலவே இலந்தை இலையும் நீரில் நுரைத்து அழுக்கை நீக்கும். ஜும்ஆ நாளைப் பற்றி ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள ஹதீஸின் கருத்தைப் பாருங்கள். ஒருவர் குளிக்கிறார், இயன்றவரை தூய்மை செய்கிறார், தம்மிடமுள்ள எண்ணெயைத் தேய்க்கிறார் அல்லது வீட்டிலுள்ள நறுமணத்தைப் பூசுகிறார், பிறகு பள்ளிவாசலுக்குச் செல்கிறார். இங்கே நீர் முந்தியது, எண்ணெய் பிந்தியது.

தலைமுடி உடையவர் அதைக் கண்ணியமாகப் பேண வேண்டும் என்றும், அதேவேளை நாள்தோறும் வாரிச் சீவுவதையே வேலையாகக் கொள்ளக் கூடாது என்றும் நபிமொழிகள் நமக்கு வழிகாட்டுகின்றன. ஆலிவ் எண்ணெயை உண்ணவும் பூசவும் ஆர்வமூட்டும் செய்தி திர்மிதீயில் உள்ளது. ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டின் இறுதி ஹஜ்ஜுக்காக மதீனாவிலிருந்து புறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தலை வாரி எண்ணெய் பூசியிருந்ததை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். இஹ்ராமுக்கு முன் அனுமதிக்கப்பட்ட நறுமணம், இஹ்ராம் அணிந்த பின் தடுக்கப்படுகிறது. முன், பின் என்னும் வரிசை மார்க்கச் சட்டமாகும் இடம் இதுவே.

அத்தகைய மற்றோர் இடம் மய்யித்துக் குளிப்பாட்டுதல். நபி (ஸல்) அவர்களின் மகளார் மறைந்தபோது உம்மு அத்திய்யா (ரலி) முதலான பெண்களுக்குக் கற்பிக்கப்பட்ட முறை தெளிவானது. நீரும் இலந்தை இலையும் கொண்டு ஒற்றைப்படையாகக் கழுவ வேண்டும், வலப்புறத்திலிருந்தும் உளூவின் உறுப்புகளிலிருந்தும் தொடங்க வேண்டும், இறுதி முறையில் கற்பூரம் சேர்க்க வேண்டும். அப்பெண்கள் அவருடைய கூந்தலை மூன்று சடைகளாகப் பின்னினார்கள். இன்றும் நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் இலந்தை இலையும் கற்பூரமும் இதே வரிசையில்தான் பயன்படுகின்றன.

இரு வரிசைகள் ஏன்?

காரணம் காண்பது கடினமன்று. பாலைக் காற்று முடியை வறளச் செய்யும். அலசிய பின் பூசும் எண்ணெய் ஈரத்தைக் காக்கும். சென்னையின் புழுக்கத்தில் குளித்த பின் மிகுதியாக எண்ணெய் வைத்தால் வியர்வையும் தூசியும் ஒட்டும். 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் தொழிற்சாலைகளும் எழுந்தபின் இவ்வட்டாரத்தில் அந்தத் தூசிக்கும் குறைவில்லை. ஆகவே முன்னோர் எண்ணெயை முன்னும் சீயக்காயைப் பின்னும் வைத்தனர். இரு நாட்டாரின் நோக்கமும் ஒன்றே.

பிற்கால வரலாற்றிலும் ஒரு சுவையான செய்தி உண்டு. ஷாம்பு என்னும் சொல், பிசைந்து அமுக்குதலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றது. 1759-இல் பாட்னாவில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஷேக் தீன் முஹம்மது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியலகம் நடத்தி, இரு மன்னர்களுக்கு இப்பணியைச் செய்து புகழ்பெற்றார். அவரிடம் வந்தோர் முதலில் மூலிகை ஆவியில் வியர்த்தனர், பிறகே உடல் பிசைந்துவிடப்பட்டது. அவருடைய ஷாம்பு தலை அலசும் திரவம் அன்று. அப்பொருள் அச்சொல்லுக்குப் பின்னர்தான் வந்தது.

தமிழகத்தில் அத்திரவம் எளியோரின் குளியலறைக்குள் நுழையக் காரணம் சிறு பொட்டலங்கள். கடலூரில் 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பு அவற்றுள் பெயர் பெற்றது. சீயக்காய் அரைக்கும் வேலை குறைந்தது. எண்ணெய் ஊறவைக்கும் நேரமும் குறைந்தது. தாய்க்கும் மகளுக்கும் இடையிலான இன்றைய விவாதத்தின் வேர் இங்கேதான் உள்ளது.

ஆய்வு சொல்வது

ஆர்த்தி ரேலே, ஆர்.பி. மொஹிலே என்னும் இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அலசுவதற்கு முன் பூசினாலும் பின் பூசினாலும் அப்பலன் காணப்பட்டது. தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு ஆதலால் முடித்தண்டினுள் புகுகிறது. நீரில் முடி உப்பும், உலரும்போது சுருங்கும். உள்ளே சென்ற எண்ணெய் அந்த உப்புதலைக் குறைக்கிறது. ஆகவே தாயின் சொல்லுக்கு அடிப்படை உண்டு. குளித்த பின் சில துளி பூசுவதும் வீணன்று. மேலே பூசுவனவற்றில் நீர்மமானதை முதலிலும் எண்ணெய்ப் பசையுள்ளதைப் பிறகும் பூசுவதே பொருத்தம். எண்ணெய்ப் படலத்தின் மேல் நீர்மம் எளிதில் இறங்காது. அவ்வகையில் மகளின் வரிசையும் சரியே.

தூய்மையின் சட்டம்

இனி இரண்டாவது கூற்றுக்கு வருவோம். உறுப்பில் நீர்ம எண்ணெயின் சுவடு இருந்து, அதன்மேல் நீர் பட்டு ஓடிவிட்டால், அது நிலைத்து நில்லாவிட்டாலும் தூய்மை நிறைவேறும் என்று இமாம் நவவீ (ரஹ்) தம் மஜ்மூஃ நூலில் தெளிவாக்கியுள்ளார்கள். தடையாவது நீரைச் சேரவிடாத கெட்டியான படலம் மட்டுமே. உருக்கிய மெழுகு, உறைந்த கொழுப்பு, முடியை இறுக்கிப் பிடிக்கும் கெட்டிப் பசை போன்றவை அவ்வகையின.

உளூவில் தலைக்கு உரியது மஸ்ஹு மட்டுமே. ஷாஃபிஈ மத்ஹபில் தலையின் சிறு பகுதியும், ஹனஃபீ மத்ஹபில் கால் பகுதியும் போதுமானது. எண்ணெய் வைத்த தலையில் ஈரக் கையால் தடவினால் அது நிறைவேறும். கடமையான குளிப்பில் நீர் முடியின் வேர்க்கால்களைச் சேர வேண்டும். சடையை அவிழ்க்க வேண்டுமா என்று உம்மு ஸலமா (ரலி) கேட்டபோது, தலைமீது மூன்று முறை நீரை அள்ளி ஊற்றுவதே போதும் என்று நபி (ஸல்) அவர்கள் எளிதாக்கினார்கள். சடை இறுகி உள்ளே நீர் சேராவிட்டால் அவிழ்க்க வேண்டும் என்பது ஷாஃபிஈ அறிஞர்களின் விளக்கம்.

இங்கே ஒரு வரிசையைப் பேணுவது நலம். ஷாம்பு, சீயக்காய் இவற்றால் முதலில் அலசுங்கள், கண்டிஷனரையும் கழுவிவிடுங்கள், இறுதியில் கலப்பற்ற தூய நீரை நிய்யத்துடன் தலையிலும் உடல் முழுவதிலும் ஊற்றுங்கள். சோப்பால் தன்மை மாறிய நீர் தூய்மையாக்காது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. ஆதலால் தூய நீர் இறுதியில் வருவதே பாதுகாப்பு. எண்ணெயும் சீரமும் அதன் பின்னர் வரலாம்.

ஆக, முடியின் நலனுக்கான வரிசை ஊருக்கும் உடலுக்கும் ஏற்ப மாறும். குளிப்பிலும் இஹ்ராமிலும் மய்யித்துக் குளிப்பாட்டுதலிலும் மார்க்கம் கற்பித்த வரிசையை நாம் மாற்றலாகாது. முதலாவதை இரண்டாவதாக்கி, எண்ணெய் தேய்த்துவிடும் தாயைப் பழமைவாதி என்றோ, குளித்த பின் சீரம் பூசும் மகளை மார்க்கம் அறியாதவள் என்றோ கூறுவது தகாது. வெள்ளிக்கிழமை காலையில் மகளின் தலைக்கு எண்ணெய் வைத்து, அலசிவிட்டு, பின்னலிட்டு அனுப்பும் ஒரு தாய், கூந்தலைக் கண்ணியப்படுத்தும் நபிவழியைத் தம் ஊரின் முறையில் நிறைவேற்றுகிறார்.

வல்ல அல்லாஹ் நம் புறத்தையும் அகத்தையும் தூய்மையாக்கி, மார்க்கத்தில் எளிமையையும் தெளிவையும் அருள்வானாக. ஆமீன்.