பதினாறு படிகள்

பெர்ன்ஹில்லில் வீடு என்றால் படிகளும் சேர்ந்துதான். எங்கள் வாசலிலிருந்து ரோட்டுக்குப் பதினாறு படி. இரண்டு வருஷத்துக்கு முன் மழைக்காலத்தில் என் மனைவி அதில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். கீழே சமவெளியில் ஆபரேஷன் ஆயிற்று. எக்ஸ்ரேயில் எல்லாம் சரி. ஃபைல் முடிந்தது என்று நினைத்தேன். ஆயுசில் பாதியை குமாஸ்தாவாகக் கழித்தவனுக்கு அப்படித்தானே தோன்றும்? ஆனால் ஒரு மாதம் ஆகியும் அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

பிறகுதான் ஒரு பிசியோதெரபிப் பெண் ஆறு வாரம் வந்து போனார். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்பது அவர் சொல்லிக்கொடுத்த பாடம். எழுபது வயதுக்கு மேல் நடக்கப் பள்ளிக்கூடமா என்று நான் சிரித்தேன். அந்த ஆறு வாரத்தில், இந்த வைத்தியம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று நம் வேலூரில் எழுதப்பட்டிருக்கிறது. நம்மூரிலிருந்து போவதானால் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி விடியுமுன் காட்பாடியில் இறங்கிவிடலாம்.

பால் பிராண்ட் 1914-ல் ஊட்டியில் பிறந்தவர். பாதிரியார் குடும்பம். லண்டனில் டாக்டருக்குப் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். ஒருமுறை செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையை வைத்து அழுத்தச் சொன்னார். பிடி இறுகி வலித்தது. செத்த கை என்று எல்லோரும் சொன்ன கையில் இத்தனை பலமா? நோய் நரம்பைத்தான் கெடுக்கிறது, முன்னங்கையில் நல்ல தசைகள் மிச்சம் இருக்கின்றன என்று புரிந்துகொண்டார். அந்த நல்ல தசையின் நாணை எடுத்து, செயலற்ற விரல்களோடு இணைத்துத் தைத்தார். மடங்கிக் கிடந்த விரல்கள் நிமிர்ந்தன.

கதை அதோடு முடிந்திருந்தால் அது சர்ஜரியின் கதை. ஆனால் கட்டுப் பிரித்ததும் அந்தக் கைக்கு வேலை தெரியவில்லை. ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்த தசை இப்போது வேறு வேலை செய்ய வேண்டும்; அதை மூளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, தினமும், வாரக்கணக்கில் பழக்கினால்தான் பென்சில் பிடிக்கவும் பட்டன் போடவும் வரும். இன்னொரு சங்கடமும் வந்தது. கை சரியாகி ஊருக்குப் போன சிலர் திரும்பி வந்து, இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை, வேலையும் தருவதில்லை என்று முறையிட்டார்கள். கையைக் கொடுத்தால் போதாது, பிழைப்பையும் கொடுக்க வேண்டும் என்று பிராண்ட் கண்டுகொண்டார். அப்படி மண் குடிசைகளோடு தொடங்கியதுதான் நவஜீவ நிலையம். அங்கே தச்சு வேலை கற்றார்கள். சூடு தெரியாத கையைத் தீயிலும் உளியிலும் காப்பாற்றிக்கொள்ளக் கற்றார்கள். பிறகு வீடு திரும்பினார்கள்.

இந்தக் கதையில் அடுத்து வருபவர் டாக்டர் மேரி வர்கீஸ். கொச்சிக்குப் பக்கத்தில் செறாயி என்ற ஊர்க்காரர். வேலூரில் படித்து டாக்டரானவர். 1954-ல் நண்பர்களோடு போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெரிய காயம். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. வயது இருபத்தெட்டு. அந்தக் காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களைப் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே கொண்டுபோய்விடும். பிழைத்தாலும் அவர் இனி டாக்டர் வேலை பார்ப்பதெங்கே என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

பிராண்ட் வேறு மாதிரி யோசித்தார். கை ஆபரேஷனை உட்கார்ந்தபடி செய்யலாமே! மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். தன்னைவிட அதிகம் முடங்கிய ஒருவர் தன் விரலை நிமிர்த்துவதைப் பார்த்த நோயாளிக்குத் தைரியத்தைத் தனியாக எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

அவர் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய், தானே நோயாளியாக இருந்து, பிறர் உதவியில்லாமல் தன் காரியங்களைச் செய்துகொள்ளக் கற்றார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் இந்தத் துறையையே படித்தார். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைச் சும்மா படுக்க வைப்பதே கெடுதல் என்று கண்டவர் ரஸ்க். மேரி 1963-ல் வேலூரில் இதற்கென்று தொடங்கிய துறைக்குத் தலைவரானார். 1966-ல் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அந்த மாதிரி நிலையம் அதுவே முதல். 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-ல் காலமானார்.

இந்த வைத்தியத்தில் அதிசயம் ஒன்றும் இல்லை. இரண்டு மணிக்கு ஒரு தரம் புரண்டு படுப்பது, கையை ஊன்றி உடம்பைத் தூக்குவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தானே குளிப்பது. வாரங்களோ சில மாதங்களோ பழகிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். போகும் வீட்டில் வாசற்படி எவ்வளவு உயரம் என்றுகூடப் பார்க்க வேண்டும். கூட வந்த குடும்பத்தாருக்கும் பாடம் உண்டு. அங்கிருந்து போனவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மேளாவுக்குத் திரும்பி வந்து கூடுகிறார்கள்.

தமிழில் இதை மறுவாழ்வு என்கிறோம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இதற்கு 'ரெஎதுக்காசியோன்' என்று பெயர். மறுபடி கற்பித்தல் என்று அர்த்தம். என் மனசுக்கு அதுவே சரியாகப் படுகிறது. வாழ்வு எங்கும் போகவில்லை. பாடம்தான் மறந்துவிட்டது.

குடும்பத்தாருக்கும் பாடம் உண்டு என்று படித்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. அந்த முதல் மாதம் முழுக்க, நீ உட்கார், நான் செய்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அவளைக் கட்டிலிலேயே வைத்திருந்தது யார்? நான்தான். அதைப் பாசம் என்று நினைத்தேன். காபி போட அவள் எழுந்தால் டம்ளரைப் பிடுங்குவேன். அந்தப் பிசியோதெரபிப் பெண் மரியாதையாகத்தான் சொன்னார்: "ஐயா, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க."

வெளியே போய் உட்கார்ந்தேன். ஆறாவது வாரம் அவள் கைத்தடியோடு பதினாறு படியும் இறங்கி, திரும்ப ஏறி வந்தாள். வந்து காபி போட்டாள்.

நம் வயசுக்காரர்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் ஆனால், டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போதே டாக்டரிடம் பயிற்சி எப்போது, எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, டாக்டர் அனுமதித்த வேலையை அவர்களே செய்யட்டும் என்று விடுங்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம்தான். அதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.