சொன்னவர் யார்? திருப்பதி, சித்தூர் அவசரப் பிரிவுகளில் நோய் விவரம் கேட்டல்

ஹாம்ப்டனும் அவருடைய குழுவினரும் 1975இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புதிதாக வந்த 80 புறநோயாளிகளில் 66 பேருக்கு, விவரம் கேட்டதை வைத்தே இறுதி நோயறிதலோடு ஒத்துப்போகும் முடிவுக்கு வர முடிந்தது என்கிறது அது. விவரம் கேட்டலின் பெருமைக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் கணக்கு இது. திருப்பதியின் ரூயா மருத்துவமனைக்கோ சுவிம்ஸுக்கோ நினைவிழந்து கொண்டுவரப்படும் யாத்ரீகருக்கு இக்கணக்கைப் பொருத்த முடியாது. அங்கே என்ன கேட்பது என்பதற்கு முன்பாக, யாரைக் கேட்பது என்பதைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து திருமலைக்குச் சுமார் 3,550 படிகள். நேர்த்திக்கடனுக்காக வெறும் வயிற்றோடு ஏறும் சர்க்கரை நோயாளி, காலை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருப்பார். பாதி வழியில் விழுவார். சிலருக்கு ஒரு பக்கக் கைகால் வலுவிழந்து, பார்ப்பதற்குப் பக்கவாதமாகவே தோன்றும். விரல்நுனியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தம் சர்க்கரை இறங்கியிருப்பதைக் காட்டிவிடும். குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறப்பார். பிறகு விவரம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அவர் போட்டது கிளிபென்கிளமைடோ கிளிமிபிரைடோ என்றால் அதன் வேலை நெடுநேரம் நீடிக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் நீளும். விழித்துவிட்டாரே என்று அனுப்பினால் அன்றிரவே சர்க்கரை மறுபடியும் இறங்கக்கூடும். எனவே மாத்திரையின் பெயர் தெரிந்தாக வேண்டும். மாத்திரைப் பட்டை இருக்கும் பையோ அலிபிரியில் ஒப்படைக்கப்பட்டு மலைக்குப் போயிருக்கும். கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை; முன்னால் போன மனைவி வரிசையில் நின்றால் அவரையும் அழைக்க முடியாது. ஆம்புலன்ஸில் கூட வந்தவர் படிக்கட்டில் அறிமுகமான இன்னொரு பக்தர். 14 இலக்க ஆபா (தேசிய சுகாதாரக் கணக்கு) எண்ணில் பழைய பதிவுகள் இருந்தாலும் அந்நேரத்தில் எண்ணைச் சொல்ல ஆளில்லை.

சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் நோயாளிகளோடு சொந்தக்காரர்கள் கூடவே வருவார்கள்; அங்கே சிக்கல் வேறு. விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு இமை சரிகிறது. உறவினர் சொல்வது வயிற்றுவலியை மட்டுமே. 'ராத்திரி எங்கே படுத்திருந்தார்?' என்று கேட்டு, தரையில் என்ற பதில் வந்தால் கட்டுவிரியனை நினைக்க வேண்டும். அதன் கடித்தடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. (பாம்பை அடித்துக் கொண்டுவரச் சொல்வதை நிறுத்த வேண்டும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது.) பூச்சிமருந்து குடித்தவர் வீட்டில் போலீஸ் கேஸுக்குப் பயந்து வாய் திறக்கமாட்டார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. கூட்டத்திலிருந்து ஒருவரைத் தனியே அழைத்து, இதை முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் மருந்து டப்பாவின் பெயர் வெளிவர வாய்ப்புண்டு. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த எல்லையில் அந்தப் பேச்சு அவர்கள் மொழியிலேயே நடக்க வேண்டும். அரைகுறையாகப் புரிந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்.

விவரம் தந்தவர் யார், அவர் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று குறிக்கும்படி பாடநூல்கள் சொல்கின்றன. அவசரத்தில் முதலில் விடுபடுவது அந்த வரிதான். கேஸ் ஷீட்டின் தலைப்பிலேயே சொன்னவரின் உறவு, பேசிய மொழி, கண்டதா கேள்விப்பட்டதா என்ற மூன்றுக்கும் இடம் அச்சிடப்பட வேண்டும். வழித்துணையாக வந்தவர் 'சர்க்கரை எல்லாம் இல்லைங்க' என்று சொன்னது, 'சர்க்கரை நோய் இல்லை' என்று எழுதப்பட்டு, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படும் நோயாளியோடு வேலூர்வரை போய்விடுகிறது. சொன்னவர் வழித்துணை என்று பக்கத்தில் எழுதியிருந்தால், அங்கே தாளை வாங்கும் மருத்துவர் அந்தக் கேள்வியை மனைவியிடம் மறுபடியும் கேட்பார்.