சோம்பேறி பிறந்த கதை

4, அதிலிருந்து 4/3-ஐக் கழி, 4/5-ஐக் கூட்டு, 4/7-ஐக் கழி. இப்படியே போய்க்கொண்டிருந்தால் ‘பை’ கிடைக்கும் என்றது கேரளக் கணித அறிஞர் சங்கமகிராமத்து மாதவன், 14ஆம் நூற்றாண்டில். முடிவே இல்லாத இந்தத் தொடரை ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் ஒரே வரியில் எழுதிப் பெயரும் வைத்துவிடலாம். ‘முதல் 50-ஐ மட்டும் கூட்டு’ என்றால் கணினி 3.1215946 என்கிறது. அதோடு ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.02, சேர்த்துக்கொள் என்பதும் மாதவன் சொன்ன திருத்தம்தான். சேர்த்தால் 3.1415946; ஐந்து தசமம் சரி.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடி நூலகம் இருக்கிறது. 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற தகவல்தொழில்நுட்பப் பூங்காவும் அக்கம்பக்கம்தான். மாதவன் வழிவந்த நீலகண்டரின் ‘தந்திரசங்கிரகம்’ 1958இல் அச்சேறியதும் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில்தான். இந்த ஊரில் உட்கார்ந்து அந்த ஒற்றை வரியைத் தட்டுகிறவருக்கு ஒரு சந்தேகம் வராமல் போகாது: முடிவே இல்லாத பட்டியலைக் கணினி எங்கே வைத்திருக்கிறது?

எங்கும் வைத்திருக்கவில்லை. ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். என்ன கணக்கு, அதற்கு வேண்டிய எண்கள் எங்கே கிடக்கின்றன என்ற இரண்டு விவரம்தான் அந்தச் சீட்டில். யாராவது கேட்டால்தான் கணக்கைப் போடும். இப்படி நடத்துகிற நிரலுக்கு ‘லேஸி இவாலுவேட்டர்’ என்று பெயர். சோம்பேறிக் கணிப்பான் என்று வைத்துக்கொள்வோம்.

சீட்டு எழுதும் வழக்கம் புதிதல்ல. 1960இல் வந்த அல்கால் மொழியிலேயே அது இருந்தது. சீட்டுக்கு அன்று வைத்த ‘தங்க்’ என்ற பெயர்தான் இன்றும். ஆனால் அதில் ஒரு ஓட்டை. ஒரு எண்ணை அதனாலேயே பெருக்கித் தரும் வேலையிடம் 3+4-ஐக் கொடுப்போம். முன்கூட்டியே கணக்குப் போடும் மொழி 7 என்று கண்டுபிடித்து, ஏழேழு 49 என்று முடித்துவிடும். அல்கால் பாணியில் சீட்டு இரண்டு இடத்துக்குப் போகும். இரண்டு இடத்திலும் 3+4-ஐத் தனித்தனியாகப் போடுவார்கள். வேலையைத் தள்ளிப்போட்டதில் மிச்சம் பிடித்தது போக, இரட்டிப்புச் செலவு.

1971இல் கிறிஸ்டோபர் வாட்ஸ்வொர்த் என்பவர் தம் ஆக்ஸ்போர்டு ஆய்வேட்டில் இதை அடைத்தார். சீட்டைப் படியெடுக்காதே, இரண்டு இடமும் ஒரே சீட்டைச் சுட்டட்டும் என்றார். முதலில் கேட்பவருக்காக 3+4-ஐப் போட்டதும், அதே சீட்டில் கணக்கை அழித்து 7 என்று எழுதிவிட வேண்டும். அடுத்தவர் வரும்போது விடை தயார். சோம்பேறித்தனத்தின் பாதி தள்ளிப்போடுவது. மறுபாதி, செய்ததை மறக்காமல் இருப்பது. இந்த இரண்டாம் பாதி இல்லாவிட்டால் கதையே இல்லை என்பது என் கட்சி.

அப்புறம் 1976. ஒரே ஆண்டில் மூன்று வீட்டில் தொட்டில் ஆடியது. பீட்டர் ஹென்டர்சனும் ஜேம்ஸ் மோரிசும் ‘ஒரு சோம்பேறி இவாலுவேட்டர்’ என்றே தலைப்பிட்டுக் கட்டுரை வாசித்தார்கள். இண்டியானாவில் டேனியல் ஃபிரீட்மனும் டேவிட் வைஸும், பட்டியல் கட்டும் கட்டளை தன்னிடம் வருவதைக் கணக்கிடவே கூடாது என்று எழுதினார்கள். ஸ்காட்லாந்தில் டேவிட் டர்னர் தம்முடைய சாசில் மொழியைச் சத்தமில்லாமல் சோம்பேறியாக மாற்றினார்.

பிறந்த குழந்தைக்கு நடை மட்டும் வரவில்லை, ஆமை வேகம். 1979இல் டர்னர் ஒரு வித்தை செய்தார். 1920களில் ஷோன்ஃபிங்கல் என்ற தர்க்கவியலாளர் கண்டுபிடித்த எஸ், கே, ஐ போன்ற சில அடிப்படைக் குறிகளைக் கொண்டு, நிரலிலிருந்த மாறிகளையெல்லாம் நீக்கிவிட்டார். குறிகளை இடம் மாற்றி இழுப்பதுதான் மிச்ச வேலை. கேம்பிரிட்ஜில் இதற்கென்றே ‘ஸ்கிம்’ என்று ஒரு கணினியும் செய்து பார்த்தார்கள். நிஜமான வேகம் 1984இல், ஸ்வீடனின் கோதன்பர்க்கிலிருந்து வந்தது. அகஸ்ட்சனும் ஜான்சனும் உருவாக்கிய ‘ஜி மெஷின்’, சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பொருள் தேடுவதை விட்டு, அவற்றைக் கையாளும் கட்டளைகளாகவே நிரலை முன்கூட்டி மொழிபெயர்த்துவிட்டது.

இதற்குள் ஆய்வாளர்கள் ஆளுக்கொரு சோம்பேறி மொழி வைத்திருந்தார்கள். 1987இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கூடி, எல்லோருக்கும் பொதுவாக ஒன்று செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். அதுதான் ஹாஸ்கெல். 1990இல் வந்த அதன் முதல் அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் நம் நாட்டவர் இருவர்: கான்பூர் ஐஐடியில் படித்த அர்விந்த், ரிஷியூர் நிகில். எம்ஐடியில் இருந்த இவர்கள் சோம்பேறித்தனத்தை முழுசாக நம்பவில்லை என்பதுதான் சுவாரசியம். விடை வரும்வரை காத்திருக்காமல் வேலை தொடங்கலாம், சரி. அதற்காக யாராவது கேட்கும்வரை சும்மா இருப்பானேன்? பல செயலிகள் இருந்தால் எல்லாச் சீட்டையும் ஒரே நேரத்தில் போட ஆரம்பிக்கட்டுமே என்றார்கள். ஹாஸ்கெலை அந்த வழியில் இழுத்துப் ‘பிஹெச்’ என்று ஒரு மொழியும் செய்தார்கள். உலகம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எனக்கென்னவோ அவர்கள் கேள்வி இன்னும் பழசாகவில்லை.

ஹாஸ்கெலின் முக்கியமான மொழிமாற்றி கிளாஸ்கோவில் வளர்ந்தது. அதன் எஞ்சினை 1992இல் சைமன் பெய்டன் ஜோன்ஸ் விரிவாக எழுதினார். அதில் ஒரு சின்ன வேலைப்பாடு எனக்குப் பிடிக்கும். கணக்குப் போடத் தொடங்கியதும் அந்தச் சீட்டின் மேல் ‘வேலை நடக்கிறது’ என்று ஒரு குறி விழும். கணக்கு சுற்றிச் சுற்றி அதே சீட்டிடம் வந்து விடை கேட்டால், இது முடியாத சுழல் என்று இயந்திரமே கண்டுகொள்ளும்; பல சமயம் அதைச் சொல்லியும்விடும். அந்தக் குறிக்குப் பெயர் ‘கருந்துளை’.

பெரிய தலைவலி வேறு. மாதவன் தொடரில் 50-க்குப் பதில் 50 லட்சம் உறுப்புகளைக் கூட்டச் சொல்லுங்கள். ‘இதுவரை வந்த கூட்டுத்தொகை’ என்பதைச் சோம்பேறி எண்ணாக வைத்திருக்க மாட்டான். முந்தைய சீட்டோடு இதைக் கூட்டு என்று இன்னொரு சீட்டு, அதன்மேல் இன்னொன்று. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மாதம் முழுக்கப் பற்று வைத்துவிட்டு, கடைசி நாள் நோட்டைப் புரட்டும் கதை. கேட்டால் வரப்போவது ஒரே ஒரு எண். அதற்கு லட்சக்கணக்கான சீட்டுகள் நினைவகத்தை அடைத்துக் கிடக்கும். எப்படியும் தேவைப்படும் கணக்கு எது என்று மொழிமாற்றியே முன்கூட்டிக் கண்டுபிடித்து உடனே போட்டுவிடும் உத்தியை ஆலன் மைக்ராஃப்ட் 1980இலேயே காட்டியிருந்தார். நிறையக் கைகொடுத்தது, எல்லா இடத்திலும் அல்ல. ஆகவே நிரல் எழுதுகிறவர்கள் ஆச்சரியக்குறி போட்டு ‘இதை இப்போதே செய்’ என்று அதட்டக் கற்றுக்கொண்டார்கள். கிளாஸ்கோ மொழிமாற்றியின் 2016இல் வந்த 8.0 பதிப்பில் ஒரு கோப்பு முழுவதற்கும் சோம்பலைப் பெரும்பாலும் அணைத்துவைக்க ஒரு வசதியும் வந்தது.

பற்றை அன்றன்றைக்கே தீர்த்துவிட்டு நகரும் கூட்டல் கட்டளை ஒன்று ஹாஸ்கெலில் வெகுகாலமாகவே உண்டு. தனியாகக் கேட்டு வாங்கத் தேவையில்லாமல், மொழியோடு கையில் வந்துவிடும் கட்டளைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது 2024இல் வந்த 9.10 பதிப்பில்தான்.