நலிந்த நிறுவனப் பங்கு

கடனாலோ நட்டத்தாலோ மோசடியாலோ தள்ளாடும் நிறுவனத்தின் பங்கு, சந்தையில் அடிமாட்டு விலைக்கு வரும். 600 ரூபாய்க்கு விற்றது 20 ரூபாய்க்குக் கிடைக்கும்போது கை பரபரக்கும். ஆனால் நிறுவனம் பிழைப்பது வேறு, பங்குதாரர் பிழைப்பது வேறு. வாங்கலாமா என்ற கேள்விக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் விடை கிடைக்காது.

வீட்டுக்கடன் நிறுவனமான திவான் ஹவுசிங் ஃபைனான்ஸின் (டிஎச்எஃப்எல்) இயக்குநர் குழுவை 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி நீக்கியது. நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. கடன் கொடுத்தவர்கள் கேட்டது ஏறத்தாழ 87,000 கோடி ரூபாய். பிரமல் குழுமம் தர முன்வந்தது 34,250 கோடி. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி நடவடிக்கைச் செலவு, பிணையுள்ள கடன், தொழிலாளர் பாக்கி, பிணையில்லாக் கடன், அரசு நிலுவை எல்லாம் தீர்ந்த பிறகே பங்குதாரரின் முறை. முன்னால் நிற்பவர்களுக்கே பாதிகூடத் தேறாதபோது கடைசி ஆளுக்கு மிஞ்ச எதுவுமில்லை. இந்த இரு தொகைகளும் செய்தித்தாளில் வந்தவைதான். இருந்தும் 2021 ஜூனில் பிரமல் திட்டத்துக்குத் தீர்ப்பாயம் ஒப்புதல் தந்த மறுநாள் பங்கு விலை ஏறியது! சில நாட்களில் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. பங்குதாரர்களுக்கு ஒரு பைசாவும் கிடைக்கவில்லை. கடன் தொழிலோ பிரமல் பெயரில் தொடர்ந்தது.

யெஸ் வங்கியில் பங்குகள் அழிக்கப்படவில்லை, நீர்த்துப்போயின. 2020 மார்ச்சில் ஸ்டேட் வங்கி தலைமையில் பங்கு 10 ரூபாய் வீதம் பணம் போடப்பட்டது. ஜூலையில் மீண்டும் 12 ரூபாய்க்குப் புதுப் பங்குகள் வந்தன. சுமார் 255 கோடியாக இருந்த பங்குகள் 2,505 கோடியாகப் பெருகின. வங்கி காப்பாற்றப்பட்டது, பழைய பங்குதாரரின் உரிமை பத்தில் ஒன்றாகச் சுருங்கியது. "பழைய விலைக்குத் திரும்பும்" என்று காத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

மென்பொருள் நிறுவனமான சத்யம் எதிர்ப்பக்கச் சான்று. 2009 ஜனவரி 7 அன்று கணக்கு மோசடி வெளியானதும், 179 ரூபாய் அளவில் இருந்த பங்கு ஒரே நாளில் 40 ரூபாய்க்கு விழுந்தது. கணக்கேட்டில் நம்ப எதுவுமில்லை. ஆனால் ஊழியர்களும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் உண்மை, பெரிய கடன் சுமையும் இல்லை. ஏப்ரலில் டெக் மகிந்திரா நிறுவனம் பங்குக்கு 58 ரூபாய் தந்து உள்ளே வந்தது. 2013-இல் இரு நிறுவனங்களும் இணைந்தபோது 17 சத்யம் பங்குக்கு 2 டெக் மகிந்திரா பங்கு கிடைத்தது.

ஆகவே முதலில் கடனைப் பார்க்க வேண்டும். இயக்க லாபம் 80 கோடி, வட்டி 100 கோடி என்றால் அந்தத் தொழில் வட்டிக்கே உழைக்கிறது, அதுவும் போதவில்லை. லாபம் காட்டியும் ரொக்கம் வராமல் போவது, புரொமோட்டர்கள் பங்குகளை அடமானம் வைப்பது, தணிக்கையாளர் பாதியில் விலகுவது ஆகியவையும் கெட்ட அறிகுறிகள். ஆண்டறிக்கையில் தலைவர் உரையைத் தள்ளிவிட்டுத் தணிக்கையாளர் அறிக்கையை முதலில் படிப்பது நல்லது. நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்ற ஐயம் அங்கேதான் பதிவாகும்.

எட்வர்ட் ஆல்ட்மன் 1968-இல் வகுத்த இசட் மதிப்பெண் ஐந்து நிதி விகிதங்களைச் சேர்த்துத் திவால் வாய்ப்பைக் கணிக்கிறது, 1.81-க்குக் கீழே போனால் ஆபத்து. உற்பத்தி நிறுவனங்களுக்காக உருவான அளவுகோல் இது. வங்கிகளுக்கும் கடன் நிறுவனங்களுக்கும் பொருந்தாது.